வாயிற்காவலனும் வாங்கும்

மட்டக்களப்பு நகரிலிருந்து மேற்கே சென்று வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. வாவிக்குக் கிழக்கே உள்ள நிலம் எழுவான்கரை. மேற்கே உள்ள நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு தம் மண்ணுக்குப் பெயரிட்ட உழவர்களின் நாடு இது. முன்மாரி வேளாண்மை அறுவடையாகி, நெல் வீடு சேர்ந்தபின் வருகின்ற வைகாசி மாதத்தில், இப்பகுதி ஊர்களிலே கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். ஆண்டின் பெரும்பகுதி அடைத்துக் கிடக்கும் கோயில்கள் பல இந்தச் சில நாட்களுக்கென்றே திறக்கப்படுகின்றன. 'கதவு திறத்தல்' என்பதே விழாவின் முதற் சடங்குக்குப் பெயர். அதன்பின் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். குளிர்த்தியுடன் விழா நிறைவெய்தும்.

வழக்குரையின் உச்சம் எது? கணவனை இழந்த ஒருத்தி கையிற் சிலம்புடன் அரண்மனை வாயிலில் வந்து நிற்கின்றாள். உள்ளே செல்வதற்கு வாயிற்காவலன் வழிவிட வேண்டும். அவன் அரசனிடம் சென்று அறிவிக்கின்றான், கதவு திறக்கின்றது, வழக்கு உரைக்கப்படுகின்றது. அந்தக் கதவு திறவாதிருந்தால் நீதியும் இல்லை, நூலும் இல்லை. படுவான்கரை உழவன் இக்கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கின்றான். கேட்கும்போது அழுகின்றான், கேட்டு முடிந்ததும் உள்ளம் குளிர்கின்றான். அடுத்த ஆண்டும் அதே கதையைக் கேட்க வருகின்றான்.

ஒரே நூலை ஆண்டுதோறும் படிப்பதில் மக்கள் காணும் இந்த இன்பம் யாது? அது எப்பொழுது செழிக்கின்றது? எப்பொழுது வாடுகின்றது? பரீட்சைக்கும் உத்தியோகத்துக்குமே கல்வி என்று எண்ணப் பழகிவிட்ட நமக்கு இக்கேள்வி இன்றியமையாதது. இதற்கு விடை தேடுமிடத்து, உலகில் வேறெந்த இனத்தினரையும்விட நூலோடு பிணைந்து வாழ்ந்த யூதரின் வரலாற்றை நோக்குதல் பயனுடைத்து. அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் நமக்கு மிக அண்மையிலே, மலையாளக் கரையில் நிகழ்ந்தது. அங்கே நடந்தது நம்மைப் பற்றியும் பேசுகின்றது.

*

கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். பலியிடுவதற்குப் பீடமில்லை, குருமாருக்குத் தொழிலில்லை. நாடிழந்து சிதறிய மக்கள் எதைச் சுமந்து செல்ல முடியும்? நூலைச் சுமந்து சென்றனர். மோசேயின் ஐந்நூலாகிய தோராவை 54 பகுதிகளாக வகுத்து, ஓய்வுநாள் தோறும் படித்து, ஓராண்டில் முடிக்கின்றனர். முடிக்கும் நாள் துயரநாளன்று, திருநாள். தோராச் சுருளைக் கையில் ஏந்தி முதியோரும் சிறுவரும் ஆடுகின்றனர். கடைசி வரியைப் படித்த அன்றே முதல் வரியைத் தொடங்கிவிடுகின்றனர். படிப்பு முடிந்துவிட்டது என்று எவரும் சொல்லலாகாது என்பது கருத்து.

தோராச் சுருளில் உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தற்குறிகளும் இல்லை. மெய்யெழுத்துக்களின் வரிசைக்கு உயிர் கொடுப்பவன் படிப்பவனே. நம் ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். புள்ளியில்லை, எகர ஏகார வேறுபாடில்லை, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. சொல் எங்கே முறிகின்றது, மெய் எது, உயிர்மெய் எது என்பதைப் படிப்பவனே அறிந்து ஓசை கொடுக்க வேண்டும். இத்தகைய எழுத்தைத் தனியே, மௌனமாகப் படித்துவிட முடியாது. ஆசிரியன் வேண்டும், கேட்போர் வேண்டும். செபாலயத்திலே படிப்பவன் பிழைபட்டால் சூழ நிற்போர் உடனே திருத்துகின்றனர். ஆகவே படிப்பு அங்கே ஊர்ச் செயலாகின்றது.

தோராவுக்கு அடுத்தது தல்முத். ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பும், அதன்மேல் எழுந்த நூற்றாண்டுக்கணக்கான விவாதங்களும் சேர்ந்தது அது. பாபிலோனியத் தல்முத் ஏறக்குறைய கி.பி. 500 அளவில் உருப்பெற்றது. வெனிசு நகரத்தில் தானியேல் பொம்பெர்க் என்பவரின் அச்சகம் 1520 முதல் 1523 வரையில் அதனை முழுமையாக அச்சிட்டது. அவ்வச்சிற் பதிந்த பக்க அமைப்பு இன்றும் மாறவில்லை. நடுவில் மூலம், ஒருபுறம் பதினோராம் நூற்றாண்டின் பேருரையாசிரியர் ரஷியின் உரை, மறுபுறம் அவருக்குப் பின்வந்தோர் அவ்வுரையை மறுத்தும் விரித்தும் எழுதிய குறிப்புக்கள். நச்சினார்க்கினியர் இளம்பூரணரை மறுப்பதை அதே பக்கத்தில் எதிரெதிராக அச்சிட்டாற் போன்ற காட்சி. தோற்றவரின் கருத்தையும் பெயரோடு காத்து வைத்தமை அந்நூலின் சிறப்பு. தீர்ப்பு ஒருவருக்குச் சார்பாகப் போகலாம். மற்றவர் சொன்ன காரணம் நாளைய மாணவனுக்குத் தேவைப்படும்.

இதனைக் கற்கும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. இருவர் எதிரெதிரே அமர்வர். ஒருவன் படிப்பான், பொருள் சொல்வான். மற்றவன் தடை எழுப்புவான். கல்விக்கூடத்திலே நூறு பேர் இருந்தால் ஐம்பது வாதங்கள் ஒரே வேளையில் நடக்கும். புறத்தே நிற்பவனுக்கு அது சந்தை இரைச்சல். உள்ளே இருப்பவனுக்கோ, தன் அறிவு இன்னொருவனின் அறிவோடு உரசித் தீப்பற்றும் பேரின்பம். நம் புராணப் படிப்பிலும் ஒருவர் வாசிக்க, மற்றவர் 'பயன்' சொல்வது மரபு. நல்ல வாசகரும் நல்ல பயன்சொல்வோரும் சேர்ந்த இரவில் ஊரார் உறக்கத்தை மறந்திருந்ததை முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

1923இல் போலந்து நாட்டு ரபி மேயிர் ஷப்பிரோ என்பார், உலகெங்கும் உள்ள யூதர் நாளொன்றுக்குத் தல்முத்தின் ஓர் ஏடு வீதம் ஒரே ஏட்டைப் படிக்கும் திட்டமொன்றை வகுத்தார். மொத்தம் 2,711 ஏடுகள். ஒரு சுற்றுக்கு ஏழரை ஆண்டு. ஆலைத் தொழிலாளியும் கடைக்காரனும் புகைவண்டிப் பயணியும் இத்திட்டத்தின்படி படித்து முடித்தனர். ஒரு நூற்பகுதியை முடித்ததும் விருந்து வைப்பர். அந்நூலை உயிருள்ள நண்பனைப் போல விளித்து, மீண்டும் உன்னிடம் வருவோம் என்று உறுதி கூறுவர். கல்வியில் வெற்றி என்பதை இவர்கள் எப்படிக் கணித்தனர் என்பது இதிலிருந்தே தெரிகின்றது. நூலை விட்டு நீங்கும் தகுதி பெறுவதை அவர்கள் வெற்றி என்று கொள்ளவில்லை. திரும்பி வருவதற்கு ஆசை பிறப்பதையே வெற்றி என்று கொண்டனர்.

*

இவ்வின்பம் எல்லார்க்கும் உரியதாயிருந்ததா? இல்லை. இதனை மறைக்காமல் எழுதி வைத்தது அந்த மரபின் நேர்மை எனலாம். தல்முத் சொல்லும் இரண்டு கதைகளை இங்கு நோக்குவோம்.

இல்லேல் என்பவர் கூலியாள். நாட்கூலியிற் பாதியைக் குடும்பத்துக்கும், மறுபாதியைக் கல்விக்கூடத்தின் வாயிற்காவலனுக்கும் கொடுத்துப் படித்து வந்தார். ஒருநாள் வேலை கிடைக்கவில்லை. காசில்லாதவனைக் காவலன் உள்ளே விடவில்லை. இல்லேல் கூரைமேல் ஏறி, வெளிச்சம் புகும் திறப்பின் மீது கவிந்து கிடந்து, உள்ளே நடந்த பாடத்தைக் கேட்டார். அது கடுங்குளிர்காலம். இரவில் பனி பெய்தது. விடிந்தும் கூடம் இருண்டிருப்பதைக் கண்டு அண்ணாந்து நோக்கிய ஆசிரியர்கள், பனியில் மூடுண்டு கிடந்த மனித உருவத்தைக் கண்டனர். அந்தக் கூலியாளே பின்னர் அம்மரபின் தலைசிறந்த ஆசிரியருள் ஒருவரானார்.

கதையைக் கேட்போர் இல்லேலின் கல்வித் தாகத்தை வியந்து போவர். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கூரைமேல் ஏறாத எத்தனை இல்லேல்கள் வாயிலிலிருந்தே திரும்பிப் போயிருப்பர்?

இரண்டாவது கதை இதற்கு விடை சொல்கின்றது. ஆலயம் அழிந்தபின் யவ்னே என்னும் ஊரில் கூடிய அறிஞர் அவைக்குத் தலைவராயிருந்தவர் ரபான் கமலியேல். அகமும் புறமும் ஒத்திராத மாணவன் கல்விக்கூடத்துள் நுழையலாகாது என்பது அவர் விதி. வாயிலில் காவலன் நின்றான். யெகோசுவா என்னும் மூத்த அறிஞரை அவர் அவையிலே மீண்டும் மீண்டும் இழிவுபடுத்தியபோது, அவையோர் பொறுக்கமாட்டாது தலைவரையே நீக்கினர். அன்றே வாயிற்காவலன் அகற்றப்பட்டான். வேண்டியவர் எல்லாரும் நுழையலாம் என்றாயிற்று. கூடத்தில் வாங்குகள் போதவில்லை, புதிதாக இட்டனர். இட்டவை 400 என்றார் ஒருவர். 700 என்றார் மற்றவர். அதன் விளைவு யாது? தீர்க்கப்படாமற் கிடந்த சட்டச் சிக்கல் ஒன்றேனும் அன்று எஞ்சவில்லை என்று தல்முத் கூறுகின்றது. கதவு திறந்ததாற் கல்வியின் தரம் தாழவில்லை, உயர்ந்தது. அன்று எழுந்த வழக்குகளுள் ஒன்று, பிறவினத்திலிருந்து வந்து சமயம் தழுவிய ஒருவனைச் சமூகத்துள் ஏற்கலாமா என்பது. ஏற்கலாம் என்றே முடிவாயிற்று.

கதையின் இறுதி இன்னும் பொருளுடையது. பதவியிழந்த கமலியேல், யெகோசுவாவிடம் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குச் செல்கின்றார். சுவரெல்லாம் கரி. நீர் கரித்தொழிலாளி போலும் என்கின்றார். அதற்கு அந்த முதியவர், கற்றோர் என்ன பாடுபட்டு வயிறு வளர்க்கின்றார்கள் என்பதை அறியாத நீர் தலைவராக வாய்த்தது இத்தலைமுறையின் கேடு என்று மறுமொழி தருகின்றார். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகச் சொல்லப்படும் இந்தப் பேச்சிலே ஒலிப்பது உழைப்பாளியின் குரல் அன்றோ?

இக்கதைகளோடு ஒரு கல்வி ஏற்பாட்டையும் சேர்த்து எண்ணவேண்டும். தந்தையிருந்த பிள்ளை தந்தையிடம் கற்றது; தந்தையற்ற பிள்ளை கல்லாது போயிற்று. இந்நிலையை மாற்ற, யெகோசுவா பென் கம்லா என்னும் தலைமைக்குரு ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறேழு வயதுப் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கச் செய்தார் என்கின்றது தல்முத். 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். 40 ஆனால் ஓர் உதவியாளர். 50 ஆனால் இரண்டு ஆசிரியர் என்ற கணக்கும் அங்கே உண்டு. நம் பின்தங்கிய பிரதேசப் பள்ளிகளில் இக்கணக்கு நிறைவேறப் பட்ட பாட்டை ஆசிரியர்கள் அறிவர்.

*

இனி மலையாளக் கரைக்கு வருவோம். மட்டக்களப்பார்க்கு அந்நிலம் அயலன்று. தாய்வழிக் குடிமுறையும், பெண்வழிச் சொத்துரிமையும், கண்ணகி வழிபாடும் நம்மை அக்கரையோடு ஒப்பிட்டு நோக்கத் தூண்டுகின்றன. மட்டக்களப்பு முக்குவர் உரிமைச் சட்டத்தைப் பற்றிப் பிரிட்டோ 1876இல் எழுதிய நூல் அறிஞரின் கவனத்தை ஈர்த்தது.

யூதர் அக்கரைக்கு வணிகராய் வந்தனர். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர இரவி, யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 விடுபேறுகளையும் வழங்கிச் செப்பேடு எழுதிக் கொடுத்தான். பகல்விளக்கு, பாவாடை, குடை முதலிய மதிப்புரிமைகள் அவற்றுள் அடங்கும். ஏடு வட்டெழுத்தில் உள்ளது. தமிழறிந்தவர் பெரும்பகுதியைப் பொருளுணர்ந்து படிக்கத்தக்க பழைய மொழியில் அமைந்தது. எபிரேய நூலைத் தலைமேற் கொண்ட மக்களின் உரிமைப் பத்திரம் நம் எழுத்தில் இருப்பது வரலாற்றின் அழகு.

அவர்களுடைய தொழுமிடத்தை மலையாளிகள் 'யூதப்பள்ளி' என்பர். பள்ளி என்னும் சொல் ஓர் ஆராய்ச்சிக்குரியது. சமணப் பள்ளி தொழுமிடம். முஸ்லிம்களின் பள்ளிவாசலும் தொழுமிடம். பிள்ளைகள் செல்வது பள்ளிக்கூடம். கிழக்கு ஐரோப்பிய யூதரும் தம் செபாலயத்தை 'ஷூல்' என்றே அழைத்தனர். அச்சொல்லின் பொருள் பள்ளிக்கூடம். தொழுகையும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்ததற்கு இரு வேறு மொழிகள் சாட்சி சொல்கின்றன.

கொச்சியில் மட்டாஞ்சேரிப் பரதேசிச் செபாலயம் 1568இல் எழுந்தது. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டோரும் மேற்கு ஆசியாவிலிருந்து வந்தோரும் அதன் சபையார். 1662இல், டச்சுக்காரருக்குத் துணைநின்றனர் என்று பழிசுமத்திப் போர்த்துக்கேயர் யூதத்தெருவைச் சூறையாடினர், செபாலயத்துக்குத் தீயிட்டனர், ஏடுகள் அழிந்தன. நூல் எரிவதைக் காணும் துயரம் எத்தகையது என்பதை, 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் சாம்பலானதை அறிந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். 1686இல் ஆம்ஸ்டர்டாம் யூதரின் தூதுக்குழு கொச்சிக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக அந்நகரத்தார் அனுப்பிய நூல்களும் வந்து சேர்ந்தன. அவை வந்த நாளைக் கொச்சி யூதர் ஆண்டுதோறும் கொண்டாடினர் என்பர். அரசன் முடிசூடிய நாளையும் போரில் வென்ற நாளையும் கொண்டாடியோர் உலகிற் பலர். புத்தகப் பெட்டி கரையேறிய நாளைத் திருநாளாக்கியோர் எத்தனை பேர்?

அவர்களின் படிப்பு மலையாள மண்ணில் ஊறிய படிப்பு. தோரா நிறைவுத் திருநாளிலே சுருள்களை ஏந்திச் செபாலயத்தின் வெளிப்புறத்தையும் சுற்றி வந்தனர். நம் கோயில் வீதிவலம் நினைவுக்கு வருகின்றது. பெண்களும் எபிரேயம் படிக்கக் கற்றனர். யூதத் தெருவின் பெண்கள் விவிலியக் கதைகளை மலையாளப் பாட்டாக்கி, கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதி, மகளுக்கும் பேத்திக்கும் கொடுத்தனர். ஆண்கள் சுருளைக் காத்தனர் என்றால், அச்சுருளின் பொருளைத் தாய்மொழியிற் காத்தவர் பெண்கள். படுவான்கரை வீடுகளிலே பாட்டிமார் வாய்வழியாகக் காத்த கதைகளும் பாடல்களும் இத்தகையனவே. அவற்றைக் கல்வி என்று எந்தப் பத்திரத்திலும் எவரும் எழுதவில்லை.

*

இத்துணை இன்பத்துக்கும் நடுவே ஒரு கூட்டத்தார் தரையில் இருந்தனர்.

பரதேசிச் சபையிலே 'மெஷுக்ராரீம்' எனப்பட்டோர் இருந்தனர். விடுவிக்கப்பட்டோர் என்பது பொருள். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரும் அவர் வழிவந்தோரும் என்று அவர்களைக் குறித்தனர். அவர்கள் யூத சமயத்தை முறைப்படி கைக்கொண்டோர், எபிரேயம் கற்றோர், ஓய்வுநாள் தவறாதோர். ஆயினும் செபாலயத்தின் வாங்கில் அமரும் உரிமை அவர்களுக்கு இல்லை. வாயிலையடுத்த இடத்தில் தரையில் இருக்க வேண்டும். தோரா படிக்க அவர்களை அழைப்பதில்லை. மண உறவு இல்லை; இடுகாடும் வேறு. சாதி என்னும் நோய் இந்த மண்ணில் எவரைத்தான் விட்டது!

நூல் என்ன சொல்லிற்று? பதினாறாம் நூற்றாண்டிலே கொச்சியிலிருந்து இவ்வழக்கு எகிப்து நாட்டின் பேரறிஞர் தாவீது இப்னு அபி சிம்ராவிடம் சென்றது. முறைப்படி சமயம் தழுவியோர் முழு யூதரே. அவர்களோடு மணவுறவும் கொள்ளலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். யவ்னேயிற் கதவு திறந்த நாளில் எழுந்த அதே வழக்கு, அதே தீர்ப்பு. ஏட்டிலே உரிமை இருந்தது, கூடத்திலே இல்லை. செல்வமும் தோல் நிறமும் சேர்ந்து நின்ற இடத்தில் பேரறிஞரின் தீர்ப்பும் வாயிலிலேயே தடுக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுட் சிலர் பிரிந்து கோட்டைக் கொச்சியிலே தனியே தொழுதனர், அம்முயற்சி நிலைக்கவில்லை.

இந்தக் கூட்டத்திலே 1882இற் பிறந்தவர் ஏபிரகாம் பராக் சேலம். பல்கலைக்கழகக் கல்வியும் சட்டக் கல்வியும் பெற்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினரானார். தொழிலாளர் இயக்கத்துக்கு ஆதரவு தந்தார். 1929இல் லாகூர்க் காங்கிரசுக்குச் சென்றார். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாட அவருக்கு உரிமை இருந்தது. தம் முன்னோர் தொழுத கூடத்தில் வாங்கில் அமர்ந்து, தாம் நன்கு அறிந்த நூலைப் படிக்க உரிமை இல்லை. காந்தியடிகளின் வழியைச் செபாலயத்துக்குள் கொண்டுசென்றார். சபையைப் புறக்கணித்தார், அறவழியில் எதிர்த்து நின்றார், விவாதித்தார், எழுதினார். அவரை 'யூதக் காந்தி' என்றனர். தடைகள் ஒரே நாளில் வீழவில்லை. முதலில் வாங்கு கிடைத்தது, பின்னர் தோரா படிக்கும் அழைப்பு, இறுதியாக மணவுறவு. அவர் பெற்ற வெற்றி தேர்விலே பெற்ற வெற்றியன்று. படித்ததை அனைவர்க்கும் உரியதாக்கிய வெற்றி அது.

ஆனால் காலம் கடந்துவிட்டது. 1948க்குப் பின், சிறப்பாக 1950களில், மலையாள யூதருள் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தனர். 1967இல் சேலம் கொச்சியிலேயே மறைந்தார். மறு ஆண்டு, செபாலயத்தின் நானூறாம் ஆண்டு விழாவிற் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. இன்று அங்கே எஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. வாங்குகள் பளபளக்கின்றன, சுற்றுலாப் பயணிகள் பார்த்துச் செல்கின்றனர். இடம்பெயர்வுக்குக் காரணங்கள் பல. பாகுபாடு ஒன்றே காரணம் என்று சொல்வது வரலாறாகாது. எனினும், நூற்றாண்டுகளாகச் சொந்தச் சகோதரரைத் தரையில் இருத்திய கூடம், நிறைவதற்கு ஆளில்லாத நாளிலே அவர்களுக்கு வாங்கு கொடுத்தது என்ற கசப்பு எஞ்சத்தான் செய்கின்றது.

*

கொச்சியைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. சேலம் லாகூர் சென்ற அதே 1929ஆம் ஆண்டளவில், இலங்கையில் அரசு உதவிபெறும் பள்ளிகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற பணிப்பு வந்தது. அதுவரை யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் பலவற்றில் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் தரையில் இருந்தனர். சில இடங்களில் வெளியே இருந்தனர். ஒரு பிள்ளை வாங்கில் அமர்வதா என்று கொதித்தெழுந்தோர் மனுக்கொடுத்தனர், பிள்ளைகளை மறித்தனர், பள்ளிகள் சில தீக்கிரையாயின. சரசுவதி பூசை செய்த கைகளே பள்ளிக்கூடத்துக்குக் கொள்ளி வைத்தன. கோயிற் கதவோ இன்னும் நெடுங்காலம் அடைத்துக் கிடந்தது. 1968இல் மாவிட்டபுரத்திலே ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் வாயிலில் நின்று போராட வேண்டியிருந்தது. கதவுக்கு உள்ளே புராணம் படிக்கப்பட்டது. கதவுக்கு வெளியே நின்றவனுக்கு அப்புராணத்தின் பயன் யாது?

அதே 1929இல் மட்டக்களப்பிலே, கல்லடி உப்போடையில், விபுலாநந்த அடிகள் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1892இற் காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கற்று, துறவியாகிப் பள்ளிகளைக் கட்டியெழுப்பியவர் அவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோதும், பேராசிரியர் பதவியின் உயரத்திலிருந்து இறங்கி அயலிலிருந்த சேரிகளுக்குச் சென்று கற்பித்தார். 1947இல் 'யாழ் நூல்' வெளிவந்தது. அவ்வாண்டே அடிகள் மறைந்தார். மறைந்துபோன யாழின் ஓசையைக் கணக்கிட்டுத் தேடிய ஆராய்ச்சி இன்பமும், சேரிப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த இன்பமும் அவரிடத்தில் வேறுவேறாக இருக்கவில்லை. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, கூலி கொடுத்து நுழையவேண்டிய வாயிலைச் சட்டத்தால் திறந்தது. படுவான்கரையின் உழவுக் குடும்பங்களிலிருந்து ஆசிரியரும் மருத்துவரும் அறிஞரும் தோன்றியது அதன் பின்னரே.

சுவடிகளுக்கும் ஒரு கதவு திறந்தது. மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களிற் சிலர் பொறுப்பிலே, பட்டுத்துணியில் கட்டுண்டு கிடந்த வழக்குரையைப் பண்டிதர் வி. சீ. கந்தையா ஒப்புநோக்கி 1968இல் அச்சேற்றினார். அவரது 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இலும், எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' 1962இலும் முன்னரே வந்திருந்தன. ஏட்டை வைத்திருந்தவருக்கே உரியதாயிருந்த நூல், எழுத்தறிந்த எவரும் வாங்கிப் படிக்கத்தக்கதாயிற்று. அதனால் அம்மனின் பெருமை குன்றிவிடவில்லை.

ஆயினும் கதவு திறந்துவிட்டால் மட்டும் போதுமா? யுத்தம் படுவான்கரையைப் பல ஆண்டுகள் வாட்டியது. பிள்ளைகள் இடம்பெயர்ந்தனர்; வகுப்பறைகள் அகதிகளின் தங்குமிடமாயின. இன்று பாலம் உண்டு, பள்ளி உண்டு, பாடநூல் இலவசம். எனினும் மாலையில் தனிவகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்த பிள்ளை முன்னே செல்கின்றது. முடியாத பிள்ளை பின்தங்குகின்றது. இல்லேலிடம் பாதிக் கூலி கேட்ட காவலன் வேறு உடையில் மீண்டும் வந்து நிற்கின்றான். அவனைத் தாண்டி உள்ளே சென்ற பிள்ளையும், நூலோடு உறவுகொள்ள நேரமின்றி, பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூட்டையாகக் கட்டிவிடுகின்றது. மீண்டும் உன்னிடம் வருவோம் என்று எந்தப் பாடநூலிடமாவது அது சொல்கின்றதா?

யூதரின் வரலாறு நமக்குச் சொல்வன இரண்டு. நூலை இருவர் சேர்ந்து, குரலெடுத்து, ஐயம் எழுப்பி, மறுத்து, மீண்டும் மீண்டும் படிக்கையிலேயே இன்பம் பிறக்கின்றது. அவ்விருவருள் ஒருவரைத் தரையில் இருத்திவிட்டால் அந்த இன்பம் பொய்யாகின்றது. யவ்னே இதனைக் கற்றுக்கொண்டது. கொச்சி காலந்தாழ்த்திக் கற்றது.

வரும் வைகாசியிலும் படுவான்கரையிற் கதவு திறக்கும். வழக்குரை படிப்போர் குரலெடுப்பர். வாயிற்காவலனைத் தாண்டி ஒருத்தி மீண்டும் உள்ளே செல்வாள். அந்த இரவுகளிலே முதியவர் வாசிக்க, அருகே ஒரு சிறுமி இருந்து பயன் சொல்லட்டும். அவள் எந்தத் தெருப் பிள்ளை என்று எவரும் கேளாதிருக்கட்டும். அவள் தடை எழுப்பினால் பெரியோர் சினவாது விடை சொல்லட்டும். இடம் போதாவிட்டால் இன்னும் சில வாங்குகளைக் கொண்டுவந்து போடுவோம். 400 போதாவிட்டால் 700.